காது வைத்தவர்களிடம் பேசிய சுவர்

கொத்தமங்கலத்தில் ஷாஜியா வாடகைக்கு இருந்த வீட்டு முன்னறைச் சுவரில் வெளியிலிருந்து யார் காதை வைத்தாலும் உள்ளே பேசுகிறவர் குரல் கேட்காது. காதை வைத்தவர் அதுவரை ஒருவரிடமும் சொல்லாத சங்கதி, அவருடைய குரலிலேயே கேட்கும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த பழைய பூச்சு அது. கன்னம் பட்டால் குளிரும், அதற்கு மேல் அந்தச் சுவருக்கு முன்பெல்லாம் ஒரு பெருமையும் கிடையாது. வீட்டுக்காரர் சாலா ஆச்சி விஷயம் கேள்விப்பட்டதும், வாடகை பேசும்போதே தெரியாமல் போயிற்றே என்று மட்டும் வருத்தப்பட்டார்.

ஷாஜியா காரைக்குடிப் பெண்தான். அத்தா மலேசியாவில் கடை வைத்துப் படிக்க வைத்தார். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அந்தக் காலத்து அரண்மனைகளில் அண்ணகர் என்று இருந்தார்களாமே, அப்படி விதை நீக்கிக்கொண்டவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள், செய்துகொள்ள வேண்டும் என்று ஏங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பஸ் ஓட்டுகிறார்கள், கணக்கு வாத்தியாராக இருக்கிறார்கள், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். அவர்கள் ஏன் அப்படி நினைக்கிறார்கள், செய்துகொண்டவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவதுதான் அவள் வேலை. முகம் சுளிக்காமல் கேட்பாள். வந்தவர் அழுதால் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைப்பாள். எத்தனை நாழியானாலும் கடிகாரத்தைப் பார்க்க மாட்டாள். இப்படிக் கேட்கிற காது கிடைப்பது லேசில்லை, கண்ணுகளா. அதனால்தான் தேனியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வந்தார்கள். வாசலில் அவர்களை உட்கார வைத்து மோர் கொடுக்கிற பொறுப்பு நாகவல்லியுடையது. நாகவல்லி சிவகங்கைத் திருநங்கை, அறுவை செய்துகொண்டு பல வருஷம் ஆனவள், ஷாஜியாவுக்கு இந்த வேலையில் வலது கை.

ஊருக்கு இந்த ஆராய்ச்சி எல்லாம் தெரியாது. கல்யாணமாகாத ஆண்களை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, வயசு என்ன, தொழில் என்ன, குடும்பம் எப்படி, உடம்புக்கு ஏதாவது உண்டா என்று கேட்டு எழுதிக்கொள்கிற பெண் யாராக இருக்கும்? ஃபாரின் மாப்பிள்ளைத் தரகு என்று ஊர் முடிவு கட்டியது. ஜாதகங்கள் வந்து குவிந்தன. ஒட்டுக்கேட்கவும் ஆட்கள் வந்தார்கள். ஓய்வுபெற்ற தபால்காரர் அழகுராஜா காதை வைத்து, முப்பது வருஷமாக மனைவியின் மீன்குழம்பு தனக்குப் பிடித்ததே இல்லை என்று தன் குரலே சொல்லக் கேட்டு, வீட்டுக்குப் போய் அதைச் சொல்லியும் விட்டார். "எனக்கு மட்டும் பிடிச்சுச்சா? ஒங்களுக்காகத்தான வச்சேன்," என்றார் அந்த அம்மாள். அந்த வாரம் விளமீன் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது.

கண்டரமாணிக்கத்து அக்கம்மாளும் வரன் தேடித்தான் வந்தார். தம்பி மாயக்கண்ணன் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிறவன். நூறு கல்யாணத்துக்குப் பந்தி வைத்தவன் தனக்கு மட்டும் வேண்டாம் என்று நாற்பது வயதுவரை தள்ளிக்கொண்டே வந்தான். "நல்ல பிள்ளை தாயி. குடி இல்ல, வம்பு இல்ல. மறுகல்யாணப் பொண்ணுன்னாலும் பாருங்க," என்று சொல்லி அவனை அறைக்குள் தள்ளி, கதவையும் வெளியிலிருந்து சாத்தினார்.

மாயக்கண்ணனுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் உடம்பில் அந்த ஒன்று மட்டும் வேறு யாருடையதோ போலத்தான் இருந்தது. பெண்ணாக வேண்டும் என்ற ஆசையும் இல்லை. அது போனால் போதும். உலகத்திலேயே இப்படி நினைக்கிறவன் தான் ஒருவன்தான் என்று நம்பியிருந்தான். ஆடி மாதம் முகூர்த்தம் இல்லை, சமையலுக்கும் ஓய்வு. அதைக் கணக்கு வைத்து, ஆட்டுக்குக் காயடிக்கிற ஒருவனிடம் நாள் குறித்திருந்தான். அந்த நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

ஷாஜியா வழக்கம்போல், "சாப்பிட்டீகளாண்ணே?" என்று ஆரம்பித்தாள். இந்த ஆராய்ச்சி எதைப் பற்றியது என்று எடுத்துச் சொல்லி, பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, எழுந்து போகலாம் என்றாள். மாயக்கண்ணன் எழுந்திருக்கவில்லை. அடுப்படியில் நிற்கிறவன் போல முகமெல்லாம் வேர்க்க, அதுவரை ஒருவரிடமும் சொல்லாததையெல்லாம் கொட்டி, குறித்த நாளையும் சொன்னான். கேட்பது மட்டும்தான் தன் வேலை, குறுக்கே பேசக்கூடாது என்ற ஒழுங்கை அதுவரை மீறாதவள், ரெக்கார்டரை நிறுத்தினாள்.

"உங்கள மாதிரி ஆளுக எனக்கே நிறையப் பேரத் தெரியும்ண்ணே. நல்லா இருக்காக. ஆனா இப்படி ஆட்டுக்காரன்கிட்டப் போனவுக சில பேரு கதைய, அவுக வீட்டு ஆளுக சொல்லித்தான் கேட்டேன். சொல்றதுக்கு அவுக உசுரோட இல்ல."

மாயக்கண்ணன் தலைகுனிந்து, "டாக்டருகிட்டப் போனா சிரிக்க மாட்டாகளா?" என்றான்.

"சிரிக்காதவுக இருக்காக. நாளாகும். பேசிப் பேசிக் கேப்பாக. நடுவுல வேணாம்னு தோணுனாலும் திரும்பிரலாம்."

மோர் கொண்டுவந்த நாகவல்லி, "எனக்குச் சேலை கட்டணும்னு இருந்துச்சு. ஒங்களுக்கு வேட்டியே போதும்னு இருக்கு. ரெண்டும் வேற வேறண்ணே. ரெண்டும் தப்பில்ல," என்று சொல்லி டம்ளரை அவன் கையில் வைத்தாள். மாயக்கண்ணன் குடித்துவிட்டு, மோரில் பெருங்காயம் கூடிப்போயிற்று என்றான். அவன் பிழைத்துக்கொள்வான் என்று நாகவல்லிக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வெளியே அக்கம்மாள், பெண் வீடு எந்த ஊர் என்று தெரிந்துகொள்ளக் காதை வைத்திருந்தார். அவர் குரலே அவரிடம், புருஷன் செத்த அன்றைக்குத் தான் அழுததெல்லாம் ஊருக்காக, உள்ளுக்குள் ஒரு பெரிய பாரம் இறங்கியது போல் இருந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தது. கதவு திறந்து தம்பி வந்தபோது அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, ஒங்கிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தான்.

"சொல்லாத. ஒன் சங்கதி ஒனக்கு. எஞ்சங்கதியே எனக்கு மலையா இருக்கு. எங்க போகணும்னு மட்டும் சொல்லு, கூட வாரேன்."

அப்படியே போனார். ஆட்டுக்காரன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு வேலைக்குப் போனான். மதுரையில் மனநல மருத்துவர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் மாதக்கணக்கில் மாயக்கண்ணனோடு பேசினார்கள். ஒவ்வொரு முறையும் அக்கம்மாள் புளியோதரை கட்டிக்கொண்டு போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார், ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த ஆடிக்கும் அடுத்த ஆடியில் மருத்துவமனையில் முறையாக எல்லாம் முடிந்தது. ஆவணி முகூர்த்தத்துக்கு மாயக்கண்ணன் அடுப்படிக்குத் திரும்பினான். அந்த வருஷம் அவன் அரிசி கழுநீரில் வைத்த காய்கறி மண்டியைப் பற்றிக் குன்றக்குடிவரை பேச்சாக இருந்தது. ஷாஜியாவின் புத்தகமும் வெளிவந்தது. அதில் ஒருவருடைய சொந்தப் பெயரும் இல்லை. அவரவர் தேர்ந்தெடுத்த பெயர்தான். மிளகு என்று ஒருவர் வருகிறார்.

ஷாஜியா பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பிறகும் சுவர் அப்படியேதான் இருந்தது. மனசு கனத்தவர்கள் வந்து காதை வைத்துவிட்டுப் போனார்கள். சாலா ஆச்சியே அந்த வீட்டுக்குக் குடிவந்து, சுவரோரம் ஒரு முக்காலி போட்டு வைத்தார். ஒருநாள் குன்றக்குடிக்குப் போய்த் திரும்பும் வழியில் அக்கம்மாள் தம்பியையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார். மாயக்கண்ணன் முக்காலியில் உட்கார்ந்து, கன்னத்தைச் சுவரோடு சேர்த்து, கண்ணை மூடி வெகுநேரம் கேட்டான்.

"என்னடா சொல்லுது?"

"ஆச்சி வீட்டுக் குக்கர் விசில் கேக்குதுக்கா. வேற ஒண்ணுமில்ல," என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "பருப்பு கொழைஞ்சிருச்சு," என்று எழுந்து, அடுப்பை அணைக்க உள்ளே போனான்.