அம்புப் பூச்சிகள்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள் சித்ராதேவி. துணியில் ஓட்டையோ முடிச்சோ தட்டுப்பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. பதினோரு வருஷமாக ஒட்டுகிறவளுக்கு, அம்பைக் கண்டால் அது காட்டும் இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது.

அதனால்தான் வாடகை வீட்டுத் தோட்டச் சுவரில் அந்தப் பூச்சிகள் வந்து உட்கார்ந்ததும் அவள் கண் அவை காட்டும் பக்கம் போனது. கடுகு நிற அந்துப்பூச்சிகள், சுண்டுவிரல் நகத்தளவுகூட இல்லை. இறக்கையை மடக்கினால் அச்சு அசல் அம்பு. எண்ணினால் இருபது இருந்தன, இருபதும் ஒரே பக்கம் தலையை நீட்டியிருந்தன. புருஷன் ஜெயபாண்டி படமெடுத்து, பூச்சி தெரிந்தவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினான். ஆளுக்கொரு பேர் சொன்னார்கள். கடைசியில், இப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

முதல் நாள் பூச்சிகள் முருங்கையைக் காட்டின. சாயங்காலம் காற்றே இல்லாமல் மரம் முறிந்தது. உள்ளே அரித்துப்போய் வெறும் கூடு. மறுநாள் தண்ணீர்த் தொட்டியைக் காட்டின. அடியில் விரிசல்.

மூன்றாம் நாள் காலையில் ஜெயபாண்டி கீரைக்குத் தண்ணீர் விட்டான். அவனுக்குப் பின்னால் குனிந்து அவள் களை பிடுங்கினாள். நிமிர்ந்தால், அத்தனையும் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. ஒரு மாதமாக இருமுகிறான். நிட்டிங் மிஷின் ஓட்டிப் பஞ்சுத் தூசியைத் தின்கிற நெஞ்சு. ஆஸ்பத்திரி என்றாலே நழுவுகிற ஆள். அன்று அவள் விடவில்லை. இவனுக்கு ஒன்றென்றால் இந்த ஊரில் தனக்கு யார் என்று அழுது, லீவு போடவைத்து இழுத்துப் போனாள்.

எக்ஸ்ரே சுத்தம். வெறும் தூசி அலர்ஜி என்றார் டாக்டர். பூச்சியை நம்பிய கூத்தை நினைத்து வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தாள். உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை துணி காயப்போடத் தோட்டத்துக்கு அவள் மட்டும் போனாள். வாசற்படியில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஜெயபாண்டி வேடிக்கையாகச் சொன்னான்.

"ஏ புள்ள, அதுக ஒன்னையத்தேன் பாக்குதுக."

அவள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். இருபது தலையும் திரும்பின. வலப்பக்கம் போனாள். மறுபடியும் திரும்பின.

நேற்று அவனுக்கு நேர் பின்னால் குனிந்திருந்தது யார் என்று அப்போதுதான் உறைத்தது. எத்தனை ஆயிரம் துணியைத் தடவிய கை. ஒருநாளும் தன்னைத் தடவிப் பார்த்ததில்லை. ஈரச் சேலையைக் கொடியில் போட்டுவிட்டு முந்தானைக்குள் விரலை விட்டாள். இடது மார்பின் அடியில், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு, அசையாமல் இருந்தது.

"மாமா, இன்னைக்கும் லீவு சொல்லிருங்க," என்றாள்.