ஆட்டு வாசனையில் ஒரு ஞானஸ்நானம்

பேத்தியின் ஞானஸ்நானக் கவுனை மூக்கருகே கொண்டுபோன என் மனைவி பிரிட்டா, இழுத்த மூச்சை வெளியே விடாமல் அப்படியே நின்றாள். நான்கு தலைமுறைப் பிள்ளைகள் உடுத்திய வெள்ளைக் கவுன். பூச்சி உருண்டை வாடை போகட்டும் என்று மருமகன் ரோக்குர் அதைக் காற்றாடத் தொங்கவிட்டிருக்கிறான். எங்கே? இறைச்சிக் கொட்டிலில். பலகை இடுக்கு வழியாகக் கடல்காற்று புகுந்து புறப்படும் அந்த இடத்தில்தான், கிறிஸ்துமஸுக்கான என் ஆட்டுத் தொடைகள், எங்கள் ஊர்ப் பக்குவப்படி, பூஞ்சை பூத்துப் புளித்துக்கொண்டிருந்தன. இரண்டு தொடைகளுக்கு நடுவில், மூன்றாவது தொடைபோல, கவுன்.

"காத்து நல்லா வருமேன்னு பார்த்தேன் மாமா," என்றான்.

எங்கள் பரோயே தீவுகளின் காற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். போன வருடம் என் தொப்பியைக் கொண்டுபோய், மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, அதே தலையில் திரும்ப வைத்தது. கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். அந்தக் காற்றாலும் புளித்த ஆட்டின் வாசனையை அசைக்க முடியாது.

"ஊரே சிரிக்கும். பிள்ளைய நீட்டறோமா, தொடைக்கறிய நீட்டறோமான்னு போதகரம்மா கேப்பாங்க," என்றேன்.

"ஆண்டவரே தொழுவத்துல பொறந்தவரு. ஆட்டு வாடைக்கா மூக்கப் பொத்தப்போறாரு? பொலம்பாம சட்டைய மாத்து, மனுஷா," என்றாள் பிரிட்டா.

சட்டையை மாற்றினேன், புலம்பலை மாற்றவில்லை. அது மழையையும் என் செருப்பையும் தாண்டி, கேக்கின் ஓரத்தைக் கொத்திவிட்டுப் போன வாத்து வரைக்கும் வந்திருந்தபோது படகுத்துறையை அடைந்தோம். அங்கே கடல் எழும்பியிருந்தது.

போதகர் எல்ஸ்பா பக்கத்துத் தீவிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் வருவார். ரோக்குரோ மறுநாள் கிரீன்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கக் கிளம்புகிறான், வசந்தத்தில்தான் திரும்புவான். இன்று இல்லையென்றால், மகளின் ஞானஸ்நானம் அவனுக்கு யாரோ சொல்லக் கேட்கும் கதைதான். போதகர் வந்த படகு துறையை நெருங்குவதும், அலை அதைப் பிடரியைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதுமாக இருந்தது.

"முடியாதுப்பா! திரும்பிடறேன்!" என்று படகுக்காரர் கத்தினார்.

 ரோக்குரின் முகம் கவுனைவிட வெளுத்திருந்தது. நான் தொப்பியைக் கழற்றினேன். "ஆண்டவரே, கவுன் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். செருப்பையும் வாத்தையும் சேத்துக்கோங்க. அந்தம்மாவ மட்டும் கரையில விடுங்க." பிரிட்டா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ போ!" என்று படகிலிருந்து போதகரின் குரல் கேட்டது. "ரோக்குரு, பிடிச்சுக்கடா!"

அலை உச்சிக்கு ஏறிய நொடியில் அவர் குதித்தார். எங்கள் துறையில் எல்லோருமே அப்படித்தான் இறங்குவோம். ஆனால் அங்கியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அல்ல. ரோக்குர் பிடித்தான். இருவரும் கடற்பாசியில் விழுந்து உருண்டார்கள்.

"ஆமென்," என்றார் போதகர், பாசியைத் துப்பிவிட்டு.

கோயிலுக்குள் எங்களுக்கு முன்பே வாசனை போய்விட்டது. ஊர்ப் பூனைகள் பதினொன்றும் பின்னால் வந்து கடைசி வரிசையில் மரியாதையாக உட்கார்ந்தன. பசியோடு பாடினால் கீர்த்தனை எவ்வளவு நன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது. போதகர் குழந்தையின் மேல் குனிந்தவர், சற்று நிதானித்து என்னிடம் கிசுகிசுத்தார். "யாரு வீட்டுத் தொடை?"

"நம்ம வீட்டுதுதாம்மா."

"சாப்பாட்டுக்கு இருக்கேன்."

பிறகு மூன்று முறை தண்ணீர் அள்ளி, சுன்னிவா என்று பெயரிட்டார். பிள்ளை கோயில் அதிர அழுதாள். அவள் தலையிலிருந்து வழிந்த நீர், கீழே ஏந்தியிருந்த ரோக்குரின் உள்ளங்கையில் விழுந்தது. அவன் விரல்களை மூடிக்கொண்டான். அடுத்த பாட்டுக்கும் திறக்கவில்லை. அவன் பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களை நான்தான் புரட்டினேன்.