மாலை போகும் அளவு

ஆற்று மதகுகளுக்கு மேலே போகும் சட்ரஸ் பாலத்தில், யாரும் குதிக்காதபடி கம்பிவலை அடித்தது என் பட்டறைதான். ஆள் உயரத்துக்கும் மேலே வரும். மேல்விளிம்பு உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். கால் வைக்க இடம் தராத நெருக்கமான கண்ணி. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "சாவணும்னு நெனக்கிறவன் வேற எடத்துக்குப் போவான், பாய்."

அலுக்க அலுக்க விளக்குவேன். அந்த நினைப்பு திடீரென்று ஏறும், கொஞ்ச நேரத்தில் இறங்கவும் செய்யும். இறங்கும்வரை ஆளை நிறுத்திவைப்பதுதான் வலையின் வேலை. தடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் வேறு இடம் தேடிப் போவதில்லை. இதை யாரும் முழுசாகக் கேட்டதில்லை.

ஆடிப்பெருக்கு நெருங்கியதும் வேறு சண்டை. புதுப்பெண்கள் கல்யாண மாலையை அந்தப் பாலத்திலிருந்துதான் ஆற்றில் விடுவார்கள். வலையில் வாசல் வெட்டச் சொல்லி ஊரே வந்தது. முன்னால் நின்றவர் தங்கையன். வைகாசியில்தான் மகளைக் கட்டிக்கொடுத்திருந்தார்.

"ஆளு நின்னு மாலை விடுறாப்ல வெட்டுங்க பாய். ஆத்துக்கே ஜெயில் கட்டிட்டீங்களே!"

சரி என்றேன். எத்தனை பேரிடம் விளக்குவது?

மறுநாள் மதியம் வெட்டும் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது தங்கையன் தனியாக வந்தார். அன்று காலை அவருடைய குத்தகை வழக்கில் தீர்ப்பு. அப்பா காலத்திலிருந்து உழுத நிலம் கையை விட்டுப் போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அவர் உள்ளங்கைகளில் கண்ணியின் தடம் சிவந்திருந்தது.

"என்ன எழவு வலை பாய் இது? உலுக்குனா அசையக்கூட மாட்டேங்குது."

சுற்றிவளைக்காமல் கேட்டேன். "சாவலாம்னு போனீங்களாண்ணே?"

"ஆமா." பெஞ்சில் உட்கார்ந்தார். "ஏற முடியலை. அங்கயே நின்னு ஒங்களைத் திட்டுனேன். திட்டித் திட்டி வாய் வறண்டுபோச்சு. டீ இருக்கா?"

குடித்து முடித்துவிட்டு வண்டியைக் காட்டினார்.

"அந்த வாசலு பெரிசா வேணாம். மாலை போனாப் போதும்."

சாமான்களை இறக்கினேன். அவரை வீட்டுக்குக் கூட்டிப்போய் பூவம்மாளிடம், அவர் மனைவியிடம், அவரையே சொல்லவைத்தேன். அந்த அம்மாள் அழவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "கெளம்புங்க" என்றார். மூவரும் மனநல டாக்டரைப் பார்க்கத் திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஆடிப்பெருக்கன்று, நான் வெட்டிய கையகல ஓட்டையில் மகளின் மாலை சிக்கிக்கொண்டது. தங்கையன் குனிந்து நார் நாராக வெளியே தள்ளினார். நிலம் திரும்பவில்லை. முகத்தில் அசதி அப்படியே இருந்தது.

"அளவெடுத்தா வெட்டுனீங்க?" என்றார் என்னைப் பார்த்து. "வந்து ஒரு கை கொடுங்க பாய்."