பச்சைப் புள்ளி

போலகத்தில் லூர்தம்மாள் வீட்டு வாசல் பம்பில் உப்புத் தண்ணீர்தான் வரும் என்பது ஊருக்கே தெரியும். தெரியாதது சம்பந்தி வீட்டுக்கும் அரசாங்கத்துக்கும் மட்டும்தான்.

மகன் கிளாட்வினுக்குப் பெண் கொடுக்கக் காரைக்கால் டவுனிலிருந்து வந்தவர்கள் முதலில் கேட்டதே தண்ணீரைப் பற்றித்தான். “எங்க தண்ணியா? இளநீர் தோத்துடும்ங்க” என்று சொம்பை நீட்டினாள். மாதா கோயில் பம்பிலிருந்து சைக்கிளில் வந்த தண்ணீர் அது.

அந்தப் பேச்சைக் காப்பாற்ற ஒரு வழியும் வைத்திருந்தாள். அரசாங்கம் போலகத்துத் தண்ணீரைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்திருந்தது அவள் வாசல் பம்பைத்தான். மாதிரி எடுக்கும் ஊழியர் ஷகீல் பாட்டிலோடு வருவார். “வெயில்ல வந்தீங்களே தம்பி, நீங்க ஏன் அடிக்கணும்?” என்று டீயைக் கையில் கொடுத்துவிட்டு, கோயில் தண்ணீர்க் குடத்திலிருந்து பாட்டிலை நிரப்பிவிடுவாள். சும்மா சொல்லக்கூடாது, உபசாரத்தில் குறை வைக்கமாட்டாள். ஷகீலும் டீயில் குறை வைக்கமாட்டார்.

கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் வரைபடத்தில் போலகத்துக்கு, நல்ல தண்ணீர் என்று பச்சைப் புள்ளி விழுந்தது. சிவப்புப் புள்ளி ஊர்களுக்கு முதலில் குடிநீர்க் குழாய் என்று முடிவானது.

“நம்ம தண்ணி ஃபர்ஸ்ட் கிளாஸாம்டி! சோப்புதான் நுரைக்க மாட்டேங்குது” என்று எதிர்வீட்டு அன்னபூரணி தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

மருமகள் ஆக்சிலியா உண்டானபின் சிரிப்பு போயிற்று. கோயில் பம்பிலிருந்து குடம் தூக்கக்கூடாது என்பதால், கிளாட்வின் வேலைக்குப் போன பொழுதெல்லாம் அவள் வாசல் பம்புத் தண்ணீரையே குடித்தாள். மாமியார் இளநீர் என்று சொன்னதை அம்மா வீட்டில் எப்படி மறுத்துச் சொல்வாள்? கால் வீங்கியது, பிரஷர் ஏறியது. உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். குழம்பில் குறைத்தார்கள்.

வளைகாப்பன்று சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருக்கும்போதே ஷகீல் வந்து நின்றார்.

“குடம் ரெடியாம்மா?”

லூர்தம்மாள் மருமகளின் கையைப் பார்த்தாள். வளையல்கள் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன.

“குடத்துல இருக்கிறது கோயில் தண்ணி. பம்பை அடிங்க தம்பி.”

“அப்ப இத்தனை நாளும்?”

“இத்தனை நாளும்தான்.”

பாட்டில் நிறைந்ததும் ஒரு தம்ளர் பிடித்து, தானே சம்பந்தியம்மாவிடம் கொடுத்தாள். “குடிச்சுப் பாருங்க. உங்க பொண்ணு குடிச்சது இதுதான்.”

அந்த அம்மா ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

ஆட்டோவில் மகளை ஏற்றியபின் சம்பந்தியம்மா சொன்னார்: “குழாய் வரட்டும். அப்புறம் தாயையும் பிள்ளையையும் அனுப்புறோம்.”

ஆக்சிலியா தலை குனிந்திருந்தாள். ஆட்டோ போய்விட்டது.

“இப்ப சிவப்பாயிடும்ல தம்பி?”

ஷகீல் பாட்டிலுக்கு மூடி போட்டார். “பழைய பச்சையெல்லாம் சேர்த்துதாம்மா சராசரி போடுவாங்க. இந்தத் தடவை மஞ்சள்தான் வரும்.”

“மஞ்சளுக்குக் குழாய் உண்டா?”

அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் பாட்டிலைப் பையில் வைத்தார். லூர்தம்மாள் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப அடுத்த தடவை சீக்கிரமா வாங்க தம்பி. டீயெல்லாம் கிடையாது.”