எட்டு டிகிரி

"இருவத்தி நாலு டிபி, கிறிஸ்டி. கடையில இருந்ததுலியே இதான் பெருசு" என்று மூச்சிரைத்தபடி, ஓர் ஆள் அகலத்துக்கு இருந்த கம்பி டிஷ்ஷைப் பழைய டிவி ஆன்டெனாக் குழாயில் முடுக்கிக்கொண்டிருந்தார் தாவீது. சபைக் கமிட்டிச் செயலாளர். மைக்கைக் கண்டால் நன்றியுரை சொல்லாமல் விடமாட்டார். மொட்டை மாடியில் மைக் இல்லாதது அவருக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

கீழே அவருடைய மாமனார் ஜோசப் பெட்டிக்குள் கிடந்தார். நேற்று சாயங்காலம் போன உயிர். நாலு மணிக்கு மூடியைத் திருகியாக வேண்டும், போதகருக்கு ஐந்து மணிக்கு இன்னோர் அடக்கம் இருந்தது. குவைத்தில் லீவு கிடைக்காத மகன் எபினேசர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூடுவதற்கு முன்னால் அப்பாவின் முகத்தை வீடியோவில் பார்க்க வேண்டும். "போட்டோ வேணாம்க்கா" என்று சின்ன மகள் கிறிஸ்டினாவிடம் நேற்று ராத்திரியே சொல்லியிருந்தான். அதற்குள் அழைப்பு அறுந்துவிட்டது.

எளாவூருக்குத் தெற்கே, உருக்காலைத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் பதுங்கியிருந்த அந்த வீட்டில் சிக்னல் வந்ததைவிடப் போனதுதான் அதிகம். அதனால்தான் இந்த டிஷ். அதன் கேபிள் ஜன்னல் வழியாக இறங்கி, சிம் போட்ட ரவுட்டரில் முடிந்தது. பெட்டியருகே தாவீதின் மனைவி, கிறிஸ்டினாவின் அக்கா ஜெபா போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

மணி மூன்று நாற்பது.

"மாமா, எந்த டவர பாத்து வச்சிருக்கீங்க?"

"அதோ, செவப்பும் வெள்ளையுமா நிக்குது பாரு. கண்ணு தெரியலியா?"

"அது வேற கம்பெனிது. நம்ம சிம்மோட டவரு வடக்கால, செக்போஸ்ட் தாண்டி."

"இம்மாம் பெரிய டிஷ்ஷு, எல்லாத்தையும் இழுத்துக்கும். நீ கீழ போய் பாஸ்டருக்கு காபி குடு."

சிப்காட்டில் ஆன்டெனா செய்யும் கம்பெனியில் ஆறு வருஷமாக டெஸ்டிங் மேசையில் உட்காருபவள் கிறிஸ்டினா. காபிக்குப் போகவில்லை.

"அந்த டிபி நம்பரு ஏற ஏற டிஷ்ஷோட பார்வை குறுகிடும் மாமா. டார்ச்ச ஒரே புள்ளியா அடிக்கிற மாதிரி. தூரமா போவும், ஆனா எட்டு டிகிரிக்கு அந்தாண்ட ஒண்ணும் தெரியாது. சின்ன பேனலு வாங்கிருந்தா வடக்கால தோராயமா காட்டினாலே புடிச்சிருக்கும். நேத்தே சொன்னேன்."

"நேத்து நீ அழுதுக்கினு இருந்த."

"அழுதுக்கினேதான் சொன்னேன்."

அவள் டிஷ்ஷைத் தன் பக்கம் இழுத்தாள். போனில் சிக்னல் எண்ணைப் பார்த்துக்கொண்டே வடக்கே திருப்பினாள். ஒரு விரல். அரை விரல். கீழேயிருந்து ஜெபாவின் குரல் வந்தது: "வந்துட்டான். எபி, தெரியுதாடா? அப்பா, இதோ எபி."

கிறிஸ்டினா கையை எடுத்தாள். கடற்காற்று டிஷ்ஷைத் தள்ளியது. பெரியதாக வாங்கியவர் அதைத் தாங்கும் குழாயைப் பற்றி யோசித்திருக்கவில்லை. மெலிந்த குழாயில் கிளாம்பு கழன்று சுழன்றது.

"போச்சு" என்றாள் ஜெபா.

கிறிஸ்டினா மறுபடி பிடித்தாள். எபினேசர் திரையில் வந்தான். "நீங்க புடிங்க மாமா, நான் ஒரு நிமிஷம் கீழ போய்ட்டு வந்துர்றேன். நான் இன்னும் முத்தம் குடுக்கல." மூடுவதற்கு முன் பிள்ளைகள் ஒவ்வொருவராக நெற்றியில் முத்தம் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

தாவீது இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்த வேகத்தில் அது டவரை விட்டு வானத்தைப் பார்த்தது. கீழே கூச்சல். அவர் சொன்னார்: "காத்து ஜாஸ்தி."

மூன்று ஐம்பத்தாறு. கிறிஸ்டினா மறுபடி வாங்கிக்கொண்டாள். விளிம்பைத் தோளில் முட்டுக்கொடுத்து, வடக்கே பார்த்து நின்றாள். தாவீது கீழே இறங்கிப் போனார். "இருவத்தி நாலு டிபி பாஸ்டர், க்ளியரா வருது பாருங்க" என்பது படிக்கட்டு வழியாக மேலே கேட்டது.

அதன்பின் எபினேசரின் அழுகை கேட்டது. சிக்னல் நடுவில் வெட்டாத அழுகை.

"கிறிஸ்டி" என்று ஜெபா கூப்பிட்டாள். "வாடி. மூடப் போறாங்க."

அவள் கையைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள்.

"அவன் பாத்துக்கினு கீறான் இல்ல?"

"பாத்துக்கினு கீறான்."

"பாக்கட்டும். நீங்க மூடுங்க."

"சின்னக்கா எங்க?" என்று குவைத்திலிருந்து கேட்டது. திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கும் சத்தம் வந்தது. பாட்டு ஆரம்பித்தது. தூக்குபவர்களின் காலடிகள் வாசலைத் தாண்டித் தெற்கே திரும்பின. ஜெபா போனை உயர்த்திப் பிடித்தபடி வாசல் வரை போயிருக்க வேண்டும், அழுகை அங்கிருந்து வந்தது.

திரும்பினால் தோள் அசையும். கிறிஸ்டினா திரும்பவில்லை. அவளுக்கு எதிரே, வயலுக்கு அப்பால், செக்போஸ்டில் லாரிகள் வரிசையாக நின்றன. ஒன்று நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது நகர்ந்தது.