மூசைக்குள் ஒரு சிவப்புக் கல்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. ரசவாதம் பற்றி, அதாவது ஈயத்தையும் செம்பையும் தங்கமாக்கக் கிளம்பியவர்களைப் பற்றி, ஒரு பத்திரிகை கேட்டிருந்தது. முதல் வரியும் எழுதிவிட்டேன்:

[நெருப்பைக் கண்டறிந்த நாள்முதலாக மனிதனின் ஆழ்மனத்தில் ஒரு—]

வேண்டாம். இப்படித் தொடங்கும் கட்டுரையை நானே படிக்க மாட்டேன்.

அந்தக் காலத்துப் போலிகளின் வித்தை ஒன்றைப் பற்றிச் சந்தேகம் கேட்க, நகைகளின் தரம் சோதிக்கும் கடைக்குப் போனேன். கிளறுகிற கம்பியைக் குடைந்து, உள்ளே தங்கத்தூளைப் போட்டு, நுனியை மெழுகால் அடைத்துவிடுவார்களாம். சூட்டில் மெழுகு உருகும். மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கிண்ணத்தில், எல்லார் கண்ணெதிரிலும் தங்கம் ‘பிறக்கும்’. அது நடக்கிற காரியமா என்று கேட்டேன். சோதிக்கிற அம்மா கருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, “கம்பியெல்லாம் எதுக்கு? அதைவிட சுலபமா எங்க வீட்டுலயே நடந்துச்சு” என்றார்.

கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது. யார் பேரையும் போடக் கூடாது என்பது மட்டும்தான் அவர் விதித்த நிபந்தனை. மற்றதை எப்படியும் நான் மாற்றிவிடுவேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. (கடையில் ‘அவர்’, கதையில் ‘அவள்’. கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன்.)

2.

அவளுடைய அண்ணன் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்கிற சுபாவம் என்பதால் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் பாஸ்பரஸ்.

(அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: பாஸ்பரஸைக் கண்டுபிடித்தவரும் ஒரு ரசவாதிதான். தங்கமும் மஞ்சள், சிறுநீரும் மஞ்சள் என்று கணக்குப் போட்டு, வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சினார் என்பார்கள். தங்கம் வரவில்லை. இருட்டில் ஒளிரும் ஒரு பொருள் வந்தது. நாற்றத்தைப் பற்றி வீட்டில் இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை.)

இந்த அண்ணனை நான் நம்பவில்லை. வேதியியல் படித்தவர் அடுப்பில் தங்கம் செய்வாரா? கதைக்கு உதவாத ஆள் என்று அவரை ஒரு கடிகாரக்காரராக மாற்றி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. திரும்பக் கடைக்குப் போய்க் கேட்டேன். அவள் சொன்ன பதில் எளிமையாக இருந்தது. பழைய ரசவாதிகள் முட்டாள்கள் அல்ல, எடை பார்த்து, சூடு பார்த்து, தோற்றதையெல்லாம் குறித்துவைத்த உழைப்பாளிகள் என்று நிரூபிக்கத்தான் அண்ணன் ஆரம்பித்தார். அவர்களுடைய செய்முறைகளை ஒவ்வொன்றாக மொட்டைமாடிக் கொட்டகையில் செய்து பார்த்தார். இருபதாவது தடவைவரை அது ஆராய்ச்சி. அதற்குமேல் ஆசை.

நாற்பதாவது தடவையும் கரி மாதிரி ஒரு கட்டிதான் வந்தது. அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை. புகையில் இருமிக்கொண்டே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நாற்பத்தோராவது தடவை வந்துவிட்டது.

3.

சுண்டுவிரல் நுனியளவு கட்டி. அதைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு தங்கையின் கடைக்கு வந்தார். கருவி பொய் சொல்லாது: பாதிக்கு மேல் தங்கம், மீதி செம்பு. ஒட்டியிருந்த கசடை அவள் தூரிகையால் தட்டியபோது, உள்ளேயிருந்து சிவப்பாக ஒரு கல் எட்டிப் பார்த்தது.

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். தொட்டதையெல்லாம் தங்கமாக்கும் கல் சிவப்பாகத்தான் இருக்கும் என்று பழைய ஏடுகள் எத்தனையோ சொல்கின்றன. அவர் மூச்சு விடாமல் பேசினார். ஞாயிற்றுக்கிழமை தலைமையாசிரியரையும் சக ஆசிரியர்களையும் மாடிக்கு அழைத்து எல்லார் எதிரிலும் செய்து காட்டப் போகிறார். வேலையை விட்டுவிடக் கடிதம்கூட எழுதியாகிவிட்டது. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார்.

தங்கை கல்லை உருப்பெருக்கியில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் பதினாறு பட்டைகள், அத்தனையும் ஒரே அளவு. அதை அவளுக்குத் தெரியும். அண்ணி கல்யாணத்துக்கே போட்டுக்கொண்டு வந்த தோட்டின் கல்.

4.

அண்ணி தையல் கடை வைத்திருக்கிறாள். போன் செய்தபோது பின்னணியில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேட்டதும் நின்றது.

“ஒரு தடவை வந்துட்டா விட்டுடுவார்னு நெனச்சேன். வந்ததுக்கப்புறம்தான் கெட்டியா புடிச்சுக்கிட்டார்” என்றாள் அண்ணி.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்யப் போகிறீர்கள் என்று தங்கை கேட்டாள்.

“இன்னொண்ணு இருக்குல்ல. ஒத்தைத் தோட்டை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

(இந்த இடத்தில் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போலிகளைப் பற்றி நான் சேர்த்துவைத்திருந்த முப்பது பக்கக் குறிப்பில், இப்படிப்பட்ட போலி ஒருவர்கூட இல்லை.)

வேண்டவே வேண்டாம் என்று தங்கை மன்றாடினாள். பார்க்கலாம் என்று சொல்லி அண்ணி போனை வைத்துவிட்டாள்.

5.

[தங்கை உண்மையை மனசுக்குள்ளேயே பூட்டி, சான்றிதழை மடித்து அண்ணன் கையில்—]

இல்லை. எழுத நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அப்படிப்பட்டவள் இல்லை. நாள் முழுக்க ஜனங்களிடம் “இதுல கலப்பு இருக்குங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பழகியவள். சனிக்கிழமை காலையில் மாடியேறிப் போய், பதினாறு பட்டைகளைப் பற்றிச் சொன்னாள்.

அண்ணன் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தார். பற்றிக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எந்தக் காது?”

“இடது.”

“ஒரு வாரமா வெறுங்காதோட எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கா. நான் பாக்கவே இல்லையே.”

தனக்கு விஷயம் தெரியும் என்பதை அண்ணியிடம் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நடக்கும், தங்கம் வராது, வராது என்பதைத்தான் அவர் காட்டப் போகிறார். கடிதத்தைக் கிழித்துவிட்டு, அதன்பிறகு அண்ணியோடு உட்கார்ந்து பேசுவார்.

நல்ல திட்டம். ஒரே ஒரு ஓட்டை.

6.

பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஊதுலையைப் பார்த்துக்கொள்வது வழக்கம்போல அண்ணி. பொடிகளை மூசையில் கொட்டி மூடியைப் போட்டவளும் அவள்தான். நெருப்பு பிடித்ததும் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

நாற்பது முறை தோற்றதை மறைக்காமல் சொன்னார். இந்தத் தோல்விகள்தான் வேதியியலைப் பெற்றெடுத்தன என்றார். பேச்சு அருமை என்று தங்கை சாட்சி சொல்கிறாள். கடைசியில், “இன்னிக்கும் இதுல ஒண்ணும் வராது. அதைப் பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன்” என்றார்.

தங்கை திரும்பி அண்ணியைப் பார்த்தாள். அண்ணியின் முகம் வெளுத்துப் போயிருந்தது. அவள் தன் வலது காது மடலை மெல்லத் தொட்டாள். பிறகு மூசையைக் கண்ணால் காட்டினாள்.

செக்கச்செவேல் என்று காய்ந்திருந்த மூசைக்குள் யார் கையை விடுவது? அண்ணன் இடுக்கியால் எடுத்தார், சாய்த்தார், ஊற்றினார். மணல் குழியில் மஞ்சளாக மின்னிக்கொண்டு ஒரு துளி. அதன்மேல் சிவப்பாக ஒரு பொட்டு.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, “சார், இது என்ன?” என்றார்.

அண்ணன் மனைவியின் காதுகளைப் பார்த்தார். இந்தத் தடவை பார்த்தார்.

7.

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவர் உண்மையைச் சொல்கிறார். பதினோரு பேர் முன்னால் அண்ணி தலைகுனிகிறாள், என்னால் தாங்க முடியவில்லை. இன்னொன்றில், “போலிகள் இப்படித்தான் ஏமாத்துவாங்க, இவங்க என் உதவியாளர்” என்று சிரித்துச் சமாளிக்கிறார். கெட்டிக்காரத்தனம், ஆனால் வாழ்நாளில் அவர் சொன்ன முதல் பொய் அதுவாகிவிடும். மூன்றாவதில் வாயே திறக்கவில்லை. அப்படியானால் அது தங்கம்தான் என்று பதினோரு பேர் ஊரெல்லாம் சொல்வார்கள்.

உண்மையில் நடந்ததைச் சொல்லத் தங்கை வாயெடுத்தாள். நான்தான் தடுத்துவிட்டேன். தெரிந்துகொண்டால் அதையே எழுதவேண்டி வரும். எனக்கோ மூவரையும் பிடித்துப்போய்விட்டது.

ஆகவே இடுக்கி உங்கள் கையில். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைக்கிறாள். தலைமையாசிரியர் காத்திருக்கிறார். அண்ணன் பேச வாயைத் திறந்துவிட்டார். துளி ஆறுவதற்குள் அவருக்கு ஒரு வாக்கியம் கொடுங்கள்.