குஞ்சு வரும் வரை

படகின் விளிம்பில் கழுத்தைச் சாய்த்துக் கிடக்கிறது அந்தக் கொக்கு, ஆறு அசையவில்லை, திரையின் கீழே இரண்டு சொற்கள் மின்னுகின்றன, விடுவி, பிடித்துக்கொள், படகோட்டி நான்தான், என் மகள் தமயந்தி அமைத்த விளையாட்டு இது, பெங்களூரில் கணினி விளையாட்டுகளுக்குக் கதை கட்டுவது அவள் வேலை, வெளியிடுமுன் சிலரை ஆடவிட்டுப் பார்ப்பது அவர்கள் வழக்கமாம், திருச்சிக்கு வந்து மடிக்கணினியை என் முன்னால் வைத்துவிட்டு, நீங்களே ஆடுங்கப்பா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் என்று பின்னால் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கிறாள், விடுவி என்பதை அமுக்கினேன், கொக்கு கண்ணை மூடியது, திரை வெளுத்தது, மூணு செகண்டுப்பா என்றாள், மத்தவங்கெல்லாம் தவியாத் தவிச்சாங்க, நீங்க என்னமோ ஒரு மார்க் கேள்வி மாதிரி டிக் அடிச்சிட்டீங்க.

கேள்வியென்றால் விடை எழுதத்தானே வேண்டும், முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பில் அதைத்தான் சொன்னேன், தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, காலியாக விடாதே, இந்தக் கொக்கும் என்னுடையதுதான், அடிபட்ட கொக்கைப் படகில் ஏற்றிய ஓடக்காரன் கதையை அவளுடைய ஆறு வயதில் நானே கட்டிச் சொன்னேன், அது துடிப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவன் அதன் உயிரை விடுவித்தான், இரக்கத்துக்குத் துணிவு வேண்டும் என்று முடித்தேன், அதோட குஞ்சு எங்கப்பா போச்சு என்றாள், கதையில குஞ்சு இல்லம்மா, இருக்கும்ப்பா, இரை தேடப் போயிருக்கும் என்று அழுதாள், அவள் அம்மா ருக்மணி அடுப்படியிலிருந்து, ஒரு குஞ்சைச் சேத்துக்கிட்டா உங்க கதை என்ன கொறைஞ்சா போயிடும் வாத்தியாரே என்று சிரிக்கிறாள், சிரித்த அந்த வாயில் பின்னொரு நாள் குழாய் இருக்கிறது, மருத்துவமனைச் சன்னலில் வெயில், இனிமே நினைவு திரும்பாது சார், மிஷினை எடுத்துடலாமா, நீங்கதான் சொல்லணும் என்று டாக்டர் கேட்கிறார், இப்போதே என்று அவர் சொல்லவில்லை, ஏழு ஆண்டுகளாக நினைத்துப் பார்க்கிறேன், அவர் சொல்லவேயில்லை, தமயந்தியின் ரயில் அப்போது கரூரைக்கூடத் தாண்டவில்லை, கேட்டவுடன் கையெழுத்திட்டேன், இரண்டு மணி நேரம் கழித்து ஓடிவந்தவள் அம்மாவின் பாதத்தைத் தொட்டாள், சில்லுன்னு இருக்குப்பா என்றாள், ஏன் என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இன்னொரு தடவை ஆடுங்க என்கிறாள், பிடித்துக்கொள் என்பதை அமுக்குகிறேன், கொக்கு என் கைக்குள் துடித்துத் துடித்து அடங்குகிறது, வேற விடையே இல்லையாம்மா என்கிறேன், இருக்குப்பா என்கிறாள், ரெண்டையும் தொடாதீங்க, நாலு நிமிஷம் சும்மா இருங்க, கொக்கு பொழைச்சிடுமா என்கிறேன், பொழைக்காதுப்பா, அது எப்படியும் போயிடும்.

படகின் விளிம்பில் கழுத்தைச் சாய்த்துக் கிடக்கிறது அந்தக் கொக்கு, விடுவி, பிடித்துக்கொள், கைகளை மடியில் வைக்கிறேன், விரல்கள் தாமாக எழுகின்றன, ஒரு கையை மறுகையால் பற்றிக்கொள்கிறேன், ஒரு நிமிடம், இரண்டு, காலியான விடைத்தாள் ஒன்று என் முன்னால் விரிந்து கிடக்கிறது, எங்கோ ஒரு ரயில் கரூரைத் தாண்டுகிறது, உன்னை வரவிட்டிருக்கணும்மா என்கிறேன், திரையைப் பாருங்கப்பா என்கிறாள், நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொள்கிறாள், வானத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, சொற்கள் இரண்டும் மறைகின்றன, சின்னஞ்சிறு சிறகடிப்பு நெருங்கி வருகிறது, கொக்கு மெல்லக் கழுத்தைத் தூக்குகிறது.